கீசாவா, தெய்ர் எல்-மெதினாவா?

எகிப்தில் அரசர்களை விட, அவர்களுக்காக உழைத்தவர்களின் வாழ்க்கையைப் பார்க்க ஆசைப்படுபவர்கள் இந்த இரண்டுக்கும் நடுவில்தான் திணறுகிறார்கள்.

போய்ச் சேர:
கீசா கெய்ரோவை ஒட்டியே இருக்கிறது.
தெய்ர் எல்-மெதினா (சுருக்கமாக மெதினா), அரசர் கல்லறைகளைக் கட்டியவர்கள் வாழ்ந்த கிராமம், சுமார் 650 கி.மீ. தெற்கே, லக்சர் நகரில் நைலின் மேற்குக் கரையில்.

யாருக்கான வேலை:
கீசாவில் கூஃபு முதலான அரசர்களின் பிரமிடுகள்.
மெதினாவில் ஆயிரம் ஆண்டுகளுக்குப் பிந்தைய அரசர் பள்ளத்தாக்குக் கல்லறைகள்.

அடிமைகளா:
கீசாவில் 1990இல் தெரியவந்த தொழிலாளர் கல்லறைகள் பிரமிடுகளுக்கு அருகிலேயே உள்ளன. அடிமைகளுக்கு அந்த மரியாதை கிடைத்திருக்காது என்பது ஆய்வாளர்கள் வாதம்.
மெதினாவில் விஷயம் சிக்கலானது. கோதுமையும் பார்லியும்தான் கூலி. மூன்றாம் ராம்செஸின் 29ஆம் ஆட்சியாண்டில் அது தாமதமானதும், வேலையை நிறுத்திவிட்டுக் கோயில்களில் போய் உட்கார்ந்துவிட்டார்கள். அப்படிப்பட்டவர்களின் வீடுகளுக்கு மாவரைக்க அரசு அடிமைப் பெண்களை ஒதுக்கியிருந்தது!

அன்றாடச் சான்று:
கீசாவில் எலும்புகளும் ரொட்டி சுட்ட பானைகளும்.
மெதினாவில் கல்சில்லுகளில் எழுதிய கடன், வழக்கு, விடுப்புக் காரணம் (தேள் கடி, பீர் காய்ச்சுதல்) வரை.

ஒரே நாள்தான் இருக்கிறது, பிரமாண்டம் போதும் என்றால் கீசா. மனிதர்கள் வேண்டுமென்றால் யோசிக்காமல் மெதினா. அங்கே வாழ்ந்த தொழிலாளி சென்னெஜெமின் கல்லறையைத் தவறவிடாதீர்கள். அதன் சுவரோவியத்தில் மறுமையிலும் கணவனும் மனைவியும் வயலில் உழுது அறுக்கிறார்கள்.