ஒன்பது வருடம், ஐந்து கப்பல் பயணம்: கிட்ஸ் கிளப்பில் வயதுக் கணக்கு

முதல் உல்லாசக் கப்பல் பயணத்துக்குப் பெட்டி கட்டியபோது மகனுக்கு 5 வயது, மகளுக்கு மூன்று வயது முடிய நான்கே நாள் பாக்கி. இப்போது அவனுக்கு 15, அவளுக்கு 12. இடையில் ஐந்து முறை கப்பலில் போய்விட்டோம், ஒரே நிறுவனத்தில் அல்ல. கேபின், சாப்பாடு, நீச்சல் குளம் பற்றியெல்லாம் எழுத நிறையப் பேர் இருக்கிறார்கள். நான் கிட்ஸ் கிளப் பற்றி, அதாவது கப்பலில் பிள்ளைகளைப் பணியாளர்கள் பார்த்துக்கொண்டு விளையாட வைக்கும் இடம் பற்றி மட்டும் எழுதுகிறேன், அதிலும் முக்கியமாக வயதுப் பிரிவு பற்றி. ஒவ்வொரு முறையும் பிள்ளைகள் சிரித்துக்கொண்டு இறங்கினார்களா, முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு இறங்கினார்களா என்பதை எங்கள் வீட்டில் அதுதான் முடிவு செய்திருக்கிறது.

அந்த நான்கு நாள் கதையை முதலில் சொல்லிவிடுகிறேன். பெரும்பாலான கப்பல்களில் கிளப் தொடங்குவது 3 வயதில். அதற்குக் கீழே என்றால் நர்சரி, அதாவது குழந்தைக் காப்பகம். கிளப் பகல் நேரத்தில் இலவசம், நர்சரிக்கு மணிக்கணக்கில் கட்டணம், இடமும் மிகக் குறைவு. கப்பலில் இருக்கும்போதே மகளுக்குப் பிறந்தநாள் வருகிறதே, அன்றிலிருந்து கிளப்பில் சேர்த்துக்கொள்வார்கள் என்று நாங்களாகவே நினைத்துக்கொண்டோம். முதல் நாள் பதிவுக்குப் போனால், கப்பல் ஏறும் நாளில் என்ன வயதோ அதுதான் கடைசி வரை கணக்கு என்றார்கள். நர்சரியில் நல்ல நேரமெல்லாம் ஏற்கெனவே நிரம்பியிருந்தது. அண்ணன் உள்ளே போக, அவள் கண்ணாடிக் கதவில் இரண்டு கையையும் ஊன்றிக்கொண்டு நின்றாள். அவளுடைய மூச்சுக்காற்று பட்டுக் கண்ணாடியில் ஒரு வட்டம் படிந்திருந்தது. ஒரு வாரம் தள்ளி டிக்கெட் எடுத்திருந்தால் அவளும் உள்ளே இருந்திருப்பாள். அதிலிருந்து பயணத் தேதி பார்க்கும்போது பிறந்தநாளையும் பக்கத்தில் எழுதி வைத்துக்கொண்டுதான் பார்க்கிறேன்.

இன்னொன்று, 3 வயது முடிந்தால் மட்டும் போதாது. பல கப்பல்களில் பிள்ளை டயபர் இல்லாமல், தானே கழிப்பறை போகத் தெரிந்திருக்க வேண்டும். இல்லையென்றால் சேர்க்க மாட்டார்கள். கார்னிவல் என்ற கப்பல் நிறுவனம் இதில் வேறு மாதிரி. அங்கே 2 வயதிலேயே கிளப்பில் எடுத்துக்கொள்கிறார்கள், டயபரோடு வந்தாலும் பரவாயில்லை. இரண்டரை வயதுப் பிள்ளை இருக்கும் வீட்டுக்கு இந்த ஒரு வித்தியாசம் போதும், முழுப் பயணமே மாறிவிடும். ஆறு மாதத்துக்கும் குறைந்த குழந்தையைப் பொதுவாகக் கப்பலிலேயே ஏற்றுவதில்லை. பெருங்கடலைக் கடக்கும் நீண்ட பயணம் என்றால் பல நிறுவனங்களில் 12 மாதம் ஆகியிருக்க வேண்டும்.

இரண்டாவது பயணத்தில் அவனுக்கு 8, அவளுக்கு 5. அந்தக் கப்பலில் 3 முதல் 5 ஒரு பிரிவு, 6 முதல் 8 ஒரு பிரிவு. இரண்டும் பக்கத்துப் பக்கத்து அறைதான், நடுவில் ஒரு சுவர். இருவரையும் ஒன்றாக விடச் சொல்லிக் கேட்டோம். பெரியவன் வேண்டுமானால் சின்னவர்கள் அறைக்கு இறங்கி வரலாம், சின்னவள் மேலே போக முடியாது என்றார்கள். காரணம் நியாயமானதுதான்: எட்டு வயதுப் பிள்ளைகள் ஓடிப் பிடித்து விளையாடும் இடத்தில் ஐந்து வயது விழுந்து அடிபடும். அவன் ஒரு நாள் அவளுக்காக இறங்கி வந்தான். குட்டி நாற்காலியில் முழங்கால் மோவாயில் இடிக்க உட்கார்ந்து களிமண் உருட்டினான். மறுநாள் வரமாட்டேன் என்று சொல்லிவிட்டான், அவனைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அவளும் இரண்டு நாள் அழுதாள். மூன்றாம் நாள் அவளுக்கென்று ஒரு தோழி கிடைத்த பிறகு எங்களையே திரும்பிப் பார்க்கவில்லை. பிரிந்து இருப்பது நல்லதுதான் என்று இப்போது சொல்வேன். ஆனால் அந்த இரண்டு நாளுக்குப் பெற்றோர் மனதளவில் தயாராகப் போக வேண்டும்.

எல்லாவற்றிலும் சிறந்தது மூன்றாவது பயணம். மகள் 6–8 பிரிவில் 8 வயது, மகன் 9–11 பிரிவில் 11 வயது. இருவருமே தங்கள் குழுவில் பெரியவர்கள். பொருள் தேடும் விளையாட்டில் அணித் தலைவர், நாடகத்தில் பெரிய வேஷம், புதிதாக வரும் சின்னதுகளுக்கு விதி சொல்லிக் கொடுக்கும் வேலை, எல்லாம் இவர்களுக்கு. முதல் வருடம் கதவில் கை ஊன்றி நின்றவள், அந்த முறை மதியச் சாப்பாட்டைப் பாதியில் விட்டுவிட்டு, “மணி ரெண்டு ஆச்சு, கிளப் திறந்துடுவாங்க” என்று எங்களை இழுத்துக்கொண்டு போனாள். இதில் நான் கண்டது: ஒரு பிரிவின் கடைசி வயதில் இருக்கும் பிள்ளை மகாராஜா. அடுத்த பிரிவின் முதல் வயதில் நுழையும் பிள்ளை புதுப் பள்ளிக்கூடத்தில் முதல் நாள் நிற்பது போல நிற்கும்.

நான்காவது பயணத்தில் மகன் அப்படித்தான் நின்றான். 12 வயது முடிந்து ஒரே மாதம். 12–14 பிரிவு, பதின்ம வயதினருக்கான தனி இடம். இங்கே சின்னப் பிள்ளைகள் கிளப் போலக் கையெழுத்துப் போட்டு விட்டுவிட்டு, கையெழுத்துப் போட்டு அழைத்து வருவதெல்லாம் கிடையாது. பிள்ளை தானாகப் போகலாம், தானாக வரலாம். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் வாசலில் யாரும் பெயர் கேட்பதில்லை, உள்ளே யாரும் கைபிடித்து அறிமுகம் செய்து வைப்பதும் இல்லை. முதல் இரவு அறிமுகக் கூட்டம் ஒன்று வைக்கிறார்கள். அன்று நாங்கள் நிதானமாகச் சாப்பிட்டு முடித்து, அவனைத் தாமதமாகத்தான் அனுப்பினோம். பத்து நிமிடத்தில் கேபினுக்குத் திரும்பி வந்துவிட்டான். “எல்லாரும் ஏற்கெனவே கூட்டமா இருக்காங்கப்பா.” அதன் பிறகு அவன் அந்தப் பக்கம் போகவே இல்லை. ஏழு நாளும் எங்களுடனேயே சுற்றினான். எங்களுக்கு அது பிடித்திருந்தது, அவனுக்கு இல்லை. பதின்ம வயதுப் பிள்ளையோடு போகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: அந்த முதல் இரவுக் கூட்டம் எத்தனை மணிக்கு என்று கப்பல் ஏறியதும் கேளுங்கள், சாப்பாட்டு நேரத்தை அதற்கேற்ப மாற்றிக்கொள்ளுங்கள்.

சரி, ஒரே பிள்ளை வெவ்வேறு கப்பலில் வெவ்வேறு இடத்தில் விழும் என்பதையும் பார்க்க வேண்டும். 12 வயதை எடுத்துக்கொள்ளுங்கள். நார்வீஜியன் நிறுவனக் கப்பல்களில் 3–5, 6–9, 10–12, அப்புறம் 13–17. அங்கே 12 வயது சின்னப் பிள்ளைகளில் மூத்தது. கார்னிவலில் 12–14 பிரிவில் இளையது. எம்எஸ்சியிலும் 12–14 தனி, 15–17 தனி. பிரின்சஸில் 8 முதல் 12 வரை ஒரே குழு. டிஸ்னியில் 11–14 பிரிவுக்கு எட்ஜ் என்று பெயர், 11 வயதே அதில் சேர்ந்துவிடும். கூச்ச சுபாவமுள்ள 12 வயதுக்கு ஒரு கப்பல் பொருந்தும், சீக்கிரம் வளர்ந்துவிட்ட 12 வயதுக்கு இன்னொன்று. இந்தப் பிரிவுகளை அவ்வப்போது மாற்றவும் செய்கிறார்கள், அதனால் பணம் கட்டும் முன் அந்தக் கப்பலுக்கான இப்போதைய பட்டியலை ஒருமுறை சரிபார்த்துக்கொள்வது நல்லது.

நடைமுறை விஷயங்கள் சுருக்கமாக. பதிவின்போது ஒவ்வாமை, மருந்து, யார் யார் வந்து அழைத்துப் போகலாம் என்பதையெல்லாம் எழுதித் தர வேண்டும். ஒரு கப்பலில் ரகசியச் சொல்லும் கேட்டார்கள். தாத்தா பாட்டி கூட வந்தால் அவர்கள் பெயரையும் அப்போதே சேர்த்துவிடுங்கள். பிள்ளை கையில் ஒரு பட்டை கட்டுவார்கள், அதில் அவசர காலத்தில் குடும்பம் கூட வேண்டிய இடத்தின் குறியீடு இருக்கும். அதைக் கழற்றாதீர்கள். எச்சரிக்கை மணி அடித்தால் கிளப்பில் இருக்கும் பிள்ளையைப் பணியாளர்களே பார்த்துக்கொண்டு அந்த இடத்துக்குக் கொண்டுவர வேண்டும் என்பது ஏற்பாடு. இது தெரிந்த பிறகுதான் முதல் பயணத்தில் எனக்கு நிம்மதியே வந்தது. வாந்தி, வயிற்றுப்போக்கு இருந்தால் சேர்க்க மாட்டார்கள், மறைத்து அனுப்பவும் கூடாது. இரவு 10 மணிக்கு மேல் பல கப்பல்களில் கட்டணம். சாப்பாட்டு நேரத்தில் கிளப்பை மூடும் கப்பல்களும் உண்டு. 9, 10 வயதுக்கு மேல் பெற்றோர் சம்மதித்தால் பிள்ளை தானே கையெழுத்துப் போட்டு வெளியே வரலாம் என்பார்கள். நாங்கள் 11 வயது வரை அந்தச் சம்மதம் தரவில்லை. கப்பல் ஒரு சின்ன ஊர் மாதிரி, பத்துப் பன்னிரண்டு மாடி, நாலாபக்கமும் கடல். இதில் என் மனம் மாறப்போவதில்லை.

சமீபத்திய பயணத்தை மகளை உட்கார வைத்துத்தான் முடிவு செய்தோம். 12 வயது இரண்டு மாதம். 10–12 பிரிவு இருக்கும் கப்பல், 12–14 பிரிவு இருக்கும் கப்பல் இரண்டையும் காட்டி, அண்ணனுக்கு நடந்ததையும் சொன்னோம். அவள் யோசிக்காமல் 10–12 என்றாள். அந்த வாரம் முழுக்க அவள் குரல்தான் அந்த அறையில் ஓங்கிக் கேட்டது. மகன் 15 வயதில், 13–17 குழுவில், முதல் இரவுக் கூட்டத்துக்கு எங்களுக்கு முன்னால் கிளம்பிப் போனான். இரவு கேபின் கதவு திறக்கும்போது மணி பன்னிரண்டைத் தொட்டிருந்தது.

இப்போது நாட்காட்டியில் வேறொரு கணக்குப் போட்டுக்கொண்டிருக்கிறேன். அடுத்த வருடம் மகளுக்கு 13 ஆகும்போது மகனுக்கு 16 ஆகப் போகிறது. 13–17 என்று ஒரே பிரிவு வைத்திருக்கும் கப்பலில், இருவரும் முதல் முறையாக ஒரே பிரிவினராக ஒரே கதவு வழியாக உள்ளே போகலாம். அவனுக்கு 18 ஆகும் வரை, அதாவது இரண்டு வருடத்துக்குக் கொஞ்சம் அதிகமாக, அந்த வாய்ப்பு இருக்கிறது. மகளிடம் சொன்னேன். “அவன் என்கூட வரணுமே” என்றாள். அவனிடம் கேட்டதற்கு, “முதல் நாள் மட்டும் நான் கூட்டிட்டுப் போறேன்” என்றிருக்கிறான்.