டிலனை எங்கிருந்து தொடங்குவது: 1963-ஆ, 1965-ஆ?

மே 24, அமெரிக்கப் பாடகர், பாடலாசிரியர் பாப் டிலன் பிறந்த நாள். 1941-இல் மினசோட்டாவின் டுலூத்தில் பிறந்தவர், எண்பதைத் தாண்டிய பிறகும் மேடை ஏறியிருக்கிறார். முதலில் எந்த ஆல்பம் என்று திணறுகிறவர்களுக்கு என் பதில் இரண்டில் ஒன்று: 'தி ஃப்ரீவீலின் பாப் டிலன்' (1963) அல்லது 'ஹைவே 61 ரீவிசிட்டட்' (1965).

ஒலி
ஃப்ரீவீலின்: பெரும்பாலும் ஒரு கிட்டார், ஒரு ஹார்மோனிகா, ஒரு குரல், அவ்வளவுதான்.
ஹைவே: மின்கிட்டார், டிரம்ஸ், ஆர்கன். முதல் பாட்டு 'லைக் எ ரோலிங் ஸ்டோன்' ஆறு நிமிஷத்துக்கு மேல் ஓடும்; அதில் ஆர்கன் வாசித்த அல் கூப்பர் உண்மையில் கிட்டார்க்காரர், வாய்ப்புக் கிடைத்ததும் போய் உட்கார்ந்துவிட்டார், இன்று அந்த ஆர்கன் இல்லாமல் அந்தப் பாட்டை நினைத்துப் பார்க்கவே முடியவில்லை.

வரிகள்
ஃப்ரீவீலின்: நேரடி. 'ப்ளோயிங் இன் தி விண்ட்' முழுக்கக் கேள்விகள். 1963-இல் கறுப்பின மக்களின் உரிமைக்காக நடந்த வாஷிங்டன் பேரணியில் 'பீட்டர், பால் அண்ட் மேரி' என்ற பாடகர் குழு அதைப் பாடியது.
ஹைவே: பிடிபட நாளாகும். 11 நிமிஷ 'டெசலேஷன் ரோ'வில் ஐன்ஸ்டீன் ராபின் ஹூட் வேஷத்தில் வருவார். 2016-இல் டிலனுக்கு இலக்கிய நோபல் கொடுத்தது ஏன் என்று கேட்பவர்களுக்கு நான் இதைத்தான் போட்டுக் காட்டுவேன்.

ஆங்கில வரிகள் முதல் தடவையிலேயே புரிய வேண்டும், ராத்திரியில் தனியாகக் கேட்க வேண்டும் என்றால் ஃப்ரீவீலின். ராக் பழகிய காதுக்கு, திரும்பத் திரும்பக் கேட்கப் பொறுமை உள்ளவருக்கு ஹைவே. நான் இன்னும் அடிக்கடி போடுவது ஹைவேதான்.