எச்சரிக்கை: கேதார்நாத் பேக்கேஜ், போலி ஹெலிகாப்டர் டிக்கெட், 1,62,000 ரூபாய்

முதலில் தொகையைச் சொல்லிவிடுகிறேன். 1,62,000 ரூபாய். அம்மா, சித்தி, என் வீட்டுக்காரர், நான் என்று நாலு பேர் கேதார்நாத் போய்வர சென்னையில் ஒரு யாத்திரை ஏஜென்சியிடம் கட்டிய பணம். விமான டிக்கெட் இதில் சேராது, அதை நாங்களே தனியாக எடுத்தோம். ஏஜென்சியின் பெயரை இங்கே போடவில்லை. புகார் கொடுத்திருக்கிறேன், பெயரைப் போட்டால் அதையே பிடித்துக்கொண்டு அந்த ஆள் என் மேல் வழக்குப் போடுவான் என்று வீட்டில் பயப்படுகிறார்கள். மேற்கு மாம்பலத்தில், மாடியில், வாசலில் பெரிய கைலாய மலைப் படமும் காசி, கயா, சார்தாம், முக்திநாத் என்று பலகையும் வைத்திருக்கும் ரகம் என்பது போதும். அந்த ரகத்தில் ஒழுங்கானவர்களும் இருப்பார்கள். எங்களுக்கு வாய்த்தது இவன். போக நினைப்பவர்கள் என்னென்ன பார்க்க வேண்டும் என்று கடைசியில் விவரமாக எழுதுகிறேன்.

ஹெலிகாப்டர் எதற்கு என்று கேட்பவர்களுக்கு: கோயில் இருப்பது 3,583 மீட்டர் உயரத்தில். ரிஷிகேஷிலிருந்து தேவப்பிரயாகை, ருத்ரபிரயாகை, குப்தகாசி வழியாக ஒரு பகல் முழுக்க மலைப்பாதை. நம் வண்டி சோன்பிரயாகில் நின்றுவிடும். அங்கிருந்து உள்ளூர் ஜீப்பில் 5 கிலோமீட்டர் கௌரிகுண்ட். அதற்கு மேல் 16 கிலோமீட்டர் ஏற்றம். 2013 வெள்ளத்தில் வழியில் இருந்த ராம்பாடா கிராமம் மொத்தமாக அடித்துக்கொண்டு போன பிறகு பாதையை மந்தாகினி ஆற்றின் எதிர்க்கரைக்கு மாற்றினார்கள், அதனால் முன்பைவிட நீளம். அம்மாவுக்கு 68 வயது, இரண்டு முட்டியும் தேய்மானம். மாம்பலம் ஸ்டேஷன் மேம்பாலப் படியையே நின்று நின்றுதான் ஏறுவார். குதிரையில் மணிக்கணக்காக உட்கார்ந்து போவது நடக்கிற காரியமில்லை. குப்தகாசி, ஃபாட்டா, சிர்சி ஆகிய இடங்களிலிருந்து ஹெலிகாப்டர் இருக்கிறது. அரசு அங்கீகரித்த ஐஆர்சிடிசி தளத்தில் நானும் முயன்று பார்த்தேன். திறந்த வேகத்தில் தீர்ந்துவிட்டது.

அப்புறம்தான் இவனிடம் போனோம். தெரிந்தவர் ஒருவர் காசிக்கு இவன் மூலம் போய் நல்லபடியாக வந்திருந்தார்.

அந்த அறை இன்னும் கண்ணில் நிற்கிறது. மேஜைக் கண்ணாடிக்கு அடியில் முழுக்கப் பனியில் நின்று சிரிக்கும் தாத்தா பாட்டிகளின் புகைப்படங்கள். பட்டையாக விபூதி. எங்களுக்கு ஃபில்டர் காபி வந்தது. என்னிடமோ என் வீட்டுக்காரரிடமோ அவன் அதிகம் பேசவே இல்லை, நாற்காலியை அம்மா பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டான். "திருக்கேதாரத்தைச் சம்பந்தர் நேர்ல போய்ப் பாடலைம்மா, காளஹஸ்தியில இருந்தே பாடினார். நீங்க நேர்லயே பாக்கப் போறீங்க. அந்தப் பாக்கியம் யாருக்கு வாய்க்கும்?" அம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது. தினம் தேவாரம் படிக்கிறவர். சம்பந்தர் காளஹஸ்தியிலிருந்தே வடநாட்டுத் தலங்களைப் பாடினார் என்பது பெரியபுராணத்தில் இருக்கிற விஷயம், இவன் கட்டி விடவில்லை. உண்மையைச் சொல்லியே ஆளைச் சாய்க்கிறவன் இவன்.

முட்டிக்கு உறை வாங்கிக்கொள்ளுங்கள், மேலே மூச்சு வாங்கினால் முகர்ந்து பார்க்கக் கர்ப்பூரம் எடுத்துக்கொள்ளுங்கள், உல்லன் சாக்ஸ் இரண்டு ஜோடி என்று அம்மாவுக்கு ஒரு பட்டியலும் எழுதிக் கொடுத்தான். உத்தராகண்ட் அரசின் யாத்திரைப் பதிவை எங்கள் கண் முன்னாலேயே செய்தான். கியூஆர் குறியோடு சீட்டு எங்கள் போனுக்கே வந்தது. அது அசல். சோன்பிரயாகில் காட்டினோம், விட்டார்கள். ஒரு காசு கட்டணம் இல்லாத அந்தப் பதிவுக்குத் தலைக்கு 500 ரூபாய் வாங்கிக்கொண்டான் என்பது வேறு. அசலான ஒன்றை முதலில் கையில் கொடுத்துவிட்டால் அடுத்ததை யார் சந்தேகப்படுவார்கள்?

ஹெலிகாப்டருக்கு 'ஏஜென்ட் கோட்டா' இருக்கிறது, தலைக்கு 14,500 என்றான். ஃபாட்டாவிலிருந்து போய்வர 2025-இல் அரசுக் கட்டணம் ஆறாயிரத்துச் சொச்சம்தான். "அது ஆன்லைன் ரேட் மேடம், கிடைச்சா எடுங்க, நான் வேண்டாங்கல" என்று சிரித்தான். டேராடூன் விமான நிலையத்திலிருந்து இன்னோவா, ஹரித்வார், குப்தகாசி, கேதார்நாத் மூன்று இடத்திலும் அறை, சாப்பாடு எல்லாம் சேர்த்து 1,62,000. முன்பணம் 60,000 கட்டினோம். மிச்சத்தை ஒரு மதியம் அவசரமாகக் கேட்டான். கோட்டா சாயந்திரம் மூடிவிடும், இப்போதே போடுங்கள் என்று. ஜிபேயில் ஏதோ ஒரு பெண் பெயர் வந்தது. கேட்டதற்கு, "மச்சினி அக்கவுண்ட் மேடம், கம்பெனி அக்கவுண்ட்ல இன்னிக்கு லிமிட் முடிஞ்சுடுச்சு." ராத்திரி பிடிஎஃப் வந்தது. ஹெலிகாப்டர் படம், எங்கள் நாலு பேர் பெயர், நேரம், கியூஆர். அம்மா அதை அச்செடுத்துப் பூஜை அறையில் வைத்தார்.

ஹரித்வார் வரை ஒரு குறையும் இல்லை. அறையில் வெந்நீர் வந்தது, வண்டி சொன்ன நேரத்துக்கு நின்றது.

விடியற்காலையில் ஃபாட்டா ஹெலிபேடுக்குப் போனோம். நல்ல குளிர், மலை மேல் மேகம். கவுண்டரில் இருந்த பையன் எங்கள் சீட்டை ஸ்கேன் செய்தான். திரையில் எதுவும் வரவில்லை. சீட்டைத் திருப்பிப் பின்பக்கம் பார்த்தான், மறுபடி ஸ்கேன் செய்தான். அப்புறம் பேனாவால் இரண்டு இடத்தைக் காட்டினான். நாலு பெயருக்கும் நேராக ஒரே பதிவு எண் போட்டிருந்தது. எடை என்று இருந்த கட்டம் காலி. அங்கே ஆளை எடை போட்டுத்தான் ஏற்றுகிறார்கள், யாத்திரைப் பதிவு எண் ஆளுக்கு ஆள் வேறு, அது இல்லாமல் டிக்கெட்டே போட முடியாது. சித்தி அந்தக் காலத்தில் தி.நகர் இந்தி பிரச்சார சபையில் பிரவீண் தேர்வு வரை படித்தவர். இத்தனை வருஷத்தில் அந்த இந்தி முதன்முதலாக முழுசாகப் பயன்பட்டது, "இது போலி" என்று கவுண்டர் பையன் சொன்னதை எங்களுக்கு மொழிபெயர்க்க. ஏஜென்ட் கோட்டா என்றெல்லாம் ஒன்றும் கிடையாது, தினமும் இப்படி யாராவது வந்து நிற்கிறார்கள் என்றான். எங்களுக்குப் பின்னால் நாந்தேட்டிலிருந்து வந்த ஒரு குடும்பம் இதேபோல ஒரு தாளை வைத்துக்கொண்டு நின்றது. அவர்களை ஏமாற்றியது வேறு ஆள்.

மாம்பலத்துக்குப் போன் போட்டேன். முதலில் "சர்வர் பிராப்ளம், அரை மணி நேரம் வெயிட் பண்ணுங்க". அரை மணி கழித்து "வெதர் சரியில்லை மேடம், இன்னிக்கு எல்லா ஃபிளைட்டும் கேன்சல்". அவன் இதைச் சொல்லும்போது என் தலைக்கு மேல் ஹெலிகாப்டர் போய்க்கொண்டிருக்கிறது, சத்தம் அவனுக்கே கேட்டிருக்கும். அதற்கு மேல் அவன் எடுக்கவில்லை. ஆபீஸ் பெண் எடுத்து, சார் கோயிலுக்குப் போயிருக்கார் என்றாள். வயசானவர்களை ஏமாற்றிவிட்டு எந்தக் கோயிலுக்கு?

அன்றைக்கே இன்னொன்றும் வெடித்தது. டிரைவருக்கு டீசல் காசு மட்டும்தான் போயிருக்கிறது, வாடகை வரவில்லை. 18,000 கொடுத்தால்தான் திரும்பக் கூட்டிப்போவேன் என்றார். அவர் மேல் கோபப்பட முடியவில்லை, அவரும் ஏமாந்தவர்தான். குப்தகாசி விடுதியில் முதல் ராத்திரிக்கு மட்டும் பணம் வந்திருந்தது. கேதார்நாத்தில் எங்கள் பெயரில் அறையே இல்லை. ஆக 1,62,000-க்கு மேல் கையிலிருந்தும் போட்டோம்.

என் வீட்டுக்காரர் மட்டும் நடந்து போய்த் தரிசனம் செய்துவிட்டு வந்தார். நான் அம்மாவோடும் சித்தியோடும் குப்தகாசியில் தங்கிவிட்டேன். அறைக்குள் சிக்னல் கிடையாது. பால்கனியில் தண்ணீர்த் தொட்டி ஓரமாக ஒரு மூலையில் நின்றால் இரண்டு கோடு வரும். அந்த மூலையில் சால்வையைப் போர்த்திக்கொண்டு நின்று அவனுக்குப் போன் போடுவதும் மெசேஜ் அனுப்புவதுமாக என் கேதார யாத்திரை முடிந்தது. நீல டிக் விழும், பதில் வராது. கடைசியில் ஒன்று வந்தது: "கேதார் பாபா கூப்பிட்டால்தான் மேடம் தரிசனம். எல்லாம் அவன் செயல்." கூடவே கை கூப்பிய படம்.

இதைப் படித்ததும் எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. பணம் வாங்கும்போது சம்பந்தர், திருப்பிக் கேட்டால் சிவன். அதைவிடக் கொடுமை, அம்மாவும் அதையேதான் சொன்னார். ஊக்கிமடத்துக்குக் கூட்டிப்போனேன். குளிர்காலத்தில் கேதார்நாத் உற்சவர் வந்து தங்கும் கோயில் அது. அங்கே கும்பிட்டுவிட்டு வெளியே வந்து, "நமக்கு இவ்வளவுதான் கொடுப்பினை, அவனைத் திட்டாதே" என்கிறார். கொடுப்பினை இல்லை அம்மா, இது மோசடி. ஊருக்குத் திரும்பியதும் சொந்தக்காரர்களும் ஆளாளுக்கு இதையேதான் சொல்கிறார்கள். இப்படிச் சொல்லிச் சொல்லித்தான் இவன் மாதிரி ஆட்கள் அடுத்த சீசனுக்கும் கடை விரிக்கிறார்கள்.

வந்து இறங்கிய கையோடு மாம்பலம் போனேன். ஆபீஸ் திறந்தே இருக்கிறது! உள்ளே இன்னொரு வயதான தம்பதி உட்கார்ந்து காபி குடித்துக்கொண்டிருந்தார்கள். என்னைப் பார்த்ததும் ஆபீஸ் பெண் அவர்களை உள் அறைக்கு அனுப்பிவிட்டாள். சார் குரூப்போடு காசியில் இருக்கிறார், ஹெலிகாப்டர் கம்பெனியிடமிருந்து வந்தால்தான் ரீஃபண்ட், 45 வேலை நாள் ஆகும் என்றாள். எந்தக் கம்பெனி, பெயர் சொல்லு என்றேன். சாருக்குத்தான் தெரியுமாம். பணம் வேண்டாமென்றால் அடுத்த வருஷம் முக்திநாத் பேக்கேஜில் கழித்துக்கொள்ளலாம் என்று சார் சொல்லச் சொன்னாராம். 1,62,000 ரூபாயை முழுங்கியவனோடு நேபாளம் வேறு போக வேண்டுமாம்! நான் போட்ட சத்தத்தில் அந்தத் தம்பதி வெளியே வந்தார்கள். அந்தப் பெரியவரிடம் விஷயத்தைச் சொன்னேன். நம்பினாரோ இல்லையோ, பணம் கட்டாமல் கீழே இறங்கிப் போனார். இதுவரை நடந்ததில் உருப்படியானது அது ஒன்றுதான்.

காவல் நிலையத்தில், ஆன்லைனில் பணம் போயிருப்பதால் சைபர் கிரைமில் சொல்லுங்கள் என்றார்கள். சைபர் கிரைம் உதவி எண் 1930-க்குப் போன் செய்தால், ஆபீஸ் போட்டு உட்கார்ந்திருக்கிற ஆளாயிற்றே, ஸ்டேஷனில் கொடுங்கள் என்கிறார்கள். இரண்டு இடத்திலும் கொடுத்துவிட்டேன். வங்கியில், நீங்களே அனுப்பிய பணம், நாங்கள் என்ன செய்ய முடியும் என்று கையை விரித்துவிட்டார்கள். 1930-இல் உடனே சொன்னால் பணம் போன கணக்கை முடக்க வழி உண்டு. இந்த மோசடியின் சூட்சுமமே அங்கேதான். பணம் கட்டுவது ஒரு மாதம், போலி என்று தெரிவது இன்னொரு மாதம், அதுவும் மலை மேல் போய் நின்ற பிறகு. அதற்குள் மச்சினி கணக்கில் என்ன மிச்சம் இருக்கும்?

விவரமாக எழுதுகிறேன் என்று சொன்னேன். இப்போது கை ஓடவில்லை, முக்கியமானதை மட்டும் சொல்கிறேன். கேதார்நாத் ஹெலிகாப்டர் டிக்கெட் ஐஆர்சிடிசியின் ஹெலியாத்ரா தளத்தில் மட்டும் எடுங்கள். கோட்டா என்று எவன் சொன்னாலும் எழுந்து வந்துவிடுங்கள். யாத்திரைப் பதிவு இலவசம், நீங்களே செய்யலாம். கம்பெனி பெயரில் இல்லாத கணக்குக்கு ஒரு ரூபாய்கூடப் போடாதீர்கள். விடுதிக்கும் வண்டிக்காரருக்கும் கிளம்புவதற்கு முன்னாலேயே நீங்களே போன் செய்து பணம் வந்ததா என்று கேட்டுவிடுங்கள். ஹெலிகாப்டர் கிடைக்காவிட்டால் கௌரிகுண்டில் டோலி உண்டு, அதற்கும் அரசு கவுண்டரிலேயே பணம் கட்டுங்கள்.

மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கும் போகப்போகிறேன், 5 லட்சம் வரை அங்கே கட்டணம் கிடையாது. மேற்கு மாம்பலத்தில், நான் சொன்ன மாதிரி இடத்தில், ஒரு பெண் பெயரில் உள்ள கணக்குக்கு ஹெலிகாப்டர் பணம் கட்டியவர்கள் யாராவது இருந்தால் ரசீதோடு எனக்குச் சொல்லுங்கள். நாலைந்து பேர் சேர்ந்துவிட்டால் வேப்பேரி கமிஷனர் அலுவலகத்தில் ஒன்றாகப் போய்க் கொடுத்துவிடலாம். தனியாகப் போனால் அங்கேயும் இங்கேயும் அலையத்தான் விடுகிறார்கள்.