செக்கல் பேரி: நிறத்தைப் பார்க்காதீர்கள், கழுத்தை அழுத்திப் பாருங்கள்

யாழ்ப்பாணத்தில் அந்திப்பொழுதைச் செக்கல் நேரம் என்போம். பென்சில்வேனியாவுக்கு வந்த முதல் வருடம் சந்தையில் ‘செக்கல்’ என்று ஒரு பேரிப்பழத்தைக் காட்டியபோது, அந்தப் பெயருக்காகவே வாங்கினேன். பாசிப்பச்சைத் தோலில் ஒரு பக்கம் மட்டும் மங்கிய செம்மை. பெயர் பொருத்தமாகத்தான் இருந்தது. உண்மையில் அது ஒரு குடும்பப் பெயராம். இருநூறு வருடங்களுக்கு முன்பே ஃபிலடெல்ஃபியா பக்கம் கண்டெடுத்த மரம் என்பதால் இந்த ஊருக்கே சொந்தமான பழம்.

பெரிய எலுமிச்சங்காய் அளவுதான், மூன்று கடியில் தீர்ந்துவிடும். போன சனிக்கிழமை ஒரு பவுண்டு 4 டாலருக்கு வாங்கினேன், எட்டுப் பழம் நின்றது. பார்ட்லெட் பேரியைவிட விலை கூடத்தான், ஆனால் அதில் இந்த இனிப்பு இல்லை. சதை இறுக்கமாக, லேசான நறநறப்போடு இருக்கும். கடித்து முடிக்கும்போது கறுவா போல ஒரு வாசம் நாக்கில் நிற்கும். தோலைச் சீவாதீர்கள். நான் ஒருமுறை சீவிப் பார்த்தேன், பாதி வாசனை தோலோடு போய்விட்டது.

வைத்திருப்பதில்தான் கவனம் வேண்டும். முதல் வருடம் ஐந்து பவுண்டு வாங்கி, வாழைப்பழத்துக்குப் பக்கத்தில் கூடையில் வைத்து, மஞ்சளாகட்டும் என்று காத்திருந்தேன். ஆறாம் நாள் வெட்டினால் வெளியே பச்சை, உள்ளே எல்லாம் பழுப்புக் கூழ். அத்தனையும் குப்பைக்குப் போனதில் மனம் நொந்துபோனேன். பேரி உள்ளிருந்து வெளியே பழுக்கும். செக்கலின் நிறமோ பெரிதாக மாறாது. அதனால் காம்பை ஒட்டிய கழுத்தைப் பெருவிரலால் மெல்ல அழுத்திப் பாருங்கள். சற்றே இடம் கொடுத்தால் அன்றே சாப்பிடுங்கள். வயிற்றுப் பக்கமும் மெத்தென்று இருந்தால் பழுத்துக் கடந்துவிட்டது.

இப்போது கடினமாக இருக்கும்போதே, கழுவாமல், காகிதப் பையில் போட்டு ஃபிரிட்ஜின் கீழ்த்தட்டில் வைக்கிறேன். வெங்காயம் பக்கத்தில் இருக்கக் கூடாது, வாசனையை இழுத்துக்கொள்ளும். ஆறு ஆறாக வெளியே எடுத்தால் மூன்று நான்கு நாளில் பழுக்கும். அவசரம் என்றால் ஒரு வாழைப்பழத்தோடு காகிதப் பையில் மூடி வையுங்கள். அது விடும் எத்திலீன் வாயு பழுப்பதை விரைவாக்கும். பிளாஸ்டிக் பையை இறுக்கிக் கட்டினால் வேர்த்துப் பூஞ்சணம் பிடிக்கும்.

ஒரு பெரிய கடையில் பெட்டியில் அடைத்து விற்றதையும் வாங்கிப் பார்த்தேன். கழுத்துச் சுருங்கி, வாசனையே இல்லை. தோட்டக்காரர்கள் நேரே கொண்டுவரும் சந்தையில் வாங்குவதே நல்லது. அப்புறம், பழுக்க அடம்பிடிக்கும் காய்களைக் காம்போடு முழுதாகக் கராம்பு போட்ட சீனிப்பாகில் வேகவைப்பேன். மகள் காம்பைப் பிடித்துத் தூக்கி, பாகு சொட்டச் சொட்டத் தின்பாள்.