மிளகாய்க்கு 'மூலிகை எண்ணெய்' அடிக்கப் போகிறவர்கள் கவனத்துக்கு

ஒட்டன்சத்திரம் சுற்றுவட்டாரத்தில் ஊர் ஊராக வந்து விற்கிறார்கள். வெள்ளை பாட்டில், லேபிளில் எலுமிச்சம்புல்லும் யூகலிப்டஸ் இலையும், லிட்டர் 1,850 ரூபாய். யார் கொண்டுவந்தாலும் வாங்குவதற்கு முன்னால் இதைப் படித்துவிடுங்கள்.

எங்கள் தோட்டத்துக்கு வந்த பையன் பேச்சில் கெட்டிக்காரன். "இலைப்பேனும் ஓடிப்போகும், செடியும் தழைச்சு வரும்ணா. உரச் செலவு பாதியாயிடும்." எண்ணெய் தண்ணீரோடு சேராதே, கரைய என்ன போடுவது என்று கேட்டேன். "ஒண்ணும் வேண்டாம்ணா, குலுக்கினா போதும். இது நானோ." இந்த நானோ என்ற சொல்லை வைத்துக்கொண்டு நாட்டில் என்னென்ன விற்கிறார்களோ!

அவனே முன்னால் நின்று அரை ஏக்கருக்கு அடிக்க வைத்தான். மறுநாள் சாயங்காலம் பார்த்தால், கொஞ்ச தூரம் செடி பச்சையாக நிற்கிறது, அப்புறம் ஒரு பட்டை முழுக்கக் கருகல். மறுபடி பச்சை, மறுபடி கருகல். கருகின பட்டையில் கொழுந்து தீய்ந்து, பூவெல்லாம் காலடியில் கொட்டிக் கிடந்தது. ஒவ்வொரு டேங்கும் எங்கே முடிந்ததோ, சரியாக அங்கேதான் கருகியிருந்தது. காரணம் எளிது. ஸ்பிரேயர் அடியிலிருந்து உறிஞ்சுகிறது, எண்ணெய் மேலே மிதக்கிறது. முதலில் வெறும் தண்ணீர் போகும், கடைசிக் கொஞ்சத்தில் எண்ணெய் மொத்தமும் வந்து விழும். வெயில் வேறு.

வாசனை எண்ணெயே மோசம் என்று நான் சொல்லவில்லை. கிராம்பு, ஓமம், எலுமிச்சம்புல் எண்ணெய்களுக்குப் பூச்சியை விரட்டும், பூஞ்சாணத்தை அடக்கும் குணம் உண்டு. ஆனால் அளவு மீறினால் செடியைச் சுடுவதும் அதே எண்ணெய்தான். வெளிநாட்டு இயற்கை விவசாயத்தில் கிராம்பு எண்ணெயைக் களைக்கொல்லியாகவே அடிக்கிறார்கள். யூகலிப்டஸ் எண்ணெய் விதை முளைப்பையே தடுக்கக்கூடியது. இதைத்தான் 'வளர்ச்சி ஊக்கி' என்று விற்றிருக்கிறார்கள்.

அதுவும் சுத்த எண்ணெயா என்றால், அதுவும் இல்லை. வெள்ளைத்தாளில் இந்த எண்ணெய் ஒரு சொட்டு, பக்கத்தில் சளிக்கு வைத்திருந்த நீலகிரித் தைலம் (அது யூகலிப்டஸ் எண்ணெய்தான்) ஒரு சொட்டு விட்டேன். தைலம் ஆவியாகி அடையாளமே இல்லாமல் போனது. இது பஜ்ஜி மடித்த காகிதம் மாதிரி பிசுக்காகவே நிற்கிறது. மலிவான ஏதோ எண்ணெயில் கொஞ்சம் வாசனை சேர்த்திருக்கிறார்கள்.

கம்பெனி நம்பருக்குக் கூப்பிட்டால், "நாங்க எங்கேயாவது பூச்சி மருந்துன்னு போட்டிருக்கோமா?" என்று திருப்பிக் கேட்கிறார்கள். உண்மைதான், லேபிளில் பூச்சி என்ற பேச்சே இல்லை. பூச்சியைக் கொல்லும் என்று எழுதினால் 1968 பூச்சிக்கொல்லிச் சட்டப்படி பதிவு எண் வேண்டும், சிவப்பு, மஞ்சள், நீலம், பச்சை இவற்றில் ஒரு நிறத்தில், விஷம் எவ்வளவு என்று காட்டும் டைமண்ட் அடையாளம் வேண்டும். பயிர் ஊக்கி என்றாலும் தப்ப முடியாது. 2021 முதல் அவையும் உரக் கட்டுப்பாட்டு ஆணைக்குள் வந்துவிட்டன. அதனால் பாட்டிலில் வெறும் 'மூலிகை எண்ணெய்', மற்றதெல்லாம் வாய்ப்பேச்சில். பில் கேட்டதற்குக் கொடுத்தது ஒரு எஸ்டிமேட் சீட்டு, அதில் 'ஆயில்' என்று மட்டும் எழுதியிருக்கிறது. கடைப் பெயரும் இல்லை, பேட்ச் எண்ணும் இல்லை.

வேளாண்மை உதவி இயக்குநர் அலுவலகத்தில் போட்டோவோடு எழுதிக் கொடுத்திருக்கிறேன். அந்த அதிகாரி முதலில் கேட்டதே பில்லைத்தான். விவசாயியும் நுகர்வோர்தான், மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். 5 லட்சம் வரையான வழக்குக்குக் கட்டணம் கிடையாது. 1915-க்கு அழைத்தும் புகார் சொல்லலாம். பயிர் சந்தேகத்துக்கு 1800-180-1551 இருக்கிறது, காசில்லாத அழைப்பு, தமிழிலேயே பேசுவார்கள்.

யாராவது ஏற்கெனவே வாங்கி வைத்திருந்தால், பாட்டிலைத் தூக்கிப் போடாதீர்கள், மிச்ச எண்ணெயோடு அப்படியே வையுங்கள். ஒரு டம்ளர் தண்ணீரில் நாலு சொட்டு விட்டுப் பாருங்கள். பால் மாதிரி கலங்காமல் மேலே மினுமினுவென்று ஏடு கட்டினால் தோட்டத்துக்குக் கொண்டுபோக வேண்டாம். இதே மாதிரி பட்டை பட்டையாகக் கருகினவர்கள் கமென்டில் ஊர்ப் பெயரோடு சொல்லுங்கள், சேர்ந்து மனு கொடுக்கலாம்.