எழுதிய புரோகிராம் கோடை அழிக்க மனசு வரவில்லையா? கிட் பயன்படுத்திய அனுபவம்

கோடில் செய்யும் மாற்றங்களைத் தேதியோடு பதிந்து வைக்கும் கருவியான கிட், என் கம்ப்யூட்டரில் பத்து வருஷத்துக்கு மேல் இருக்கிறது. ஆனால் அதன் அருமை எனக்குப் புரிந்தது 2025 செப்டம்பரில்தான்.

பழைய வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டில் ஒரு துணிக்கடைக்கு 2014-ல் பில்லிங் சாஃப்ட்வேர் எழுதிக் கொடுத்தேன். இன்றும் அதுதான் ஓடுகிறது. அதில் வாட் என்ற அப்போதைய விற்பனை வரிக் கணக்குக்கு மட்டும் நானூறு லைன். தீபாவளிக்கு முந்தின வாரம், கொருக்குப்பேட்டை வீட்டில் மூன்று ராத்திரி உட்கார்ந்து, தள்ளுபடியில் வாங்கின துணி திரும்பி வந்தால் எவ்வளவு வரி கழிக்கணும் என்று பைசா சுத்தமாக ஒத்துப்போக வைத்தது. 2017 ஜூலை 1-ல் ஜிஎஸ்டி வந்ததும் அத்தனைக்கும் வேலை போய்விட்டது. நான் அழிக்கவில்லை, ஓடாதபடி கமெண்டாக மாற்றி அப்படியே வைத்தேன். 2019-ல் ஜிஎஸ்டி ஃபங்ஷனை, அதாவது அந்த வரியைக் கணக்குப் போடும் கோட் பகுதியைத் திருத்தி எழுதியபோதும் பழையதைப் பக்கத்திலேயே விட்டுவைத்தேன்.

யாராவது கேட்டால் ‘எப்பவாவது தேவைப்படும்’ என்போம். ஆனால் அதில் நம் ராத்திரிகள் இருக்கின்றன, அழித்துவிட்டால் நாம் பட்ட பாட்டுக்குச் சாட்சியே இருக்காது, அதுதான் கை வருவதில்லை. இன்னொன்று பயம். பழைய கோடில் இருக்கும் ஒவ்வொரு விசித்திரமான ‘இஃப்’ நிபந்தனைக்குப் பின்னாலும் என்றைக்கோ ஒரு வாடிக்கையாளர் போட்ட சண்டை இருக்கும், எதற்கு எழுதினோம் என்பது நமக்கே மறந்திருக்கும்.

2025 செப்டம்பர் 22-ல் வரி மாறியது. ஆயிரம் ரூபாய் வரைக்கும் இருந்த 5 சதவீதம், 2,500 வரைக்கும் என்றானது. கூட வேலை செய்யும் தம்பி அந்த எண்ணைச் சரியாகத்தான் மாற்றினான், ஆனால் யாரும் கூப்பிடாத பழைய ஃபங்ஷனில். காலையில் கடை திறக்கும் முன் சோதனைக்கு ஒரு பில் போட்டோம். 1,500 ரூபாய் சுடிதாருக்கு 12 சதவீதம் என்று வந்தது. “அண்ணே, மாத்திட்டேனே!” என்றவனின் முகத்தைப் பார்க்கவே கஷ்டமாகிவிட்டது. தப்பு அவனுடையது இல்லை.

அன்று ராத்திரியே வாட் கோட், பழைய ஜிஎஸ்டி ஃபங்ஷன் இரண்டையும் அழித்து, ஏன் அழித்தேன் என்று நாலு வரி எழுதி கமிட் போட்டேன், அதாவது கிட்டில் பதிந்தேன். அப்புறம் மனசு கேட்காமல், பழைய பதிவுகளைக் காட்டும் ‘கிட் லாக்’ கட்டளையில் மைனஸ் கேப்பிட்டல் எஸ் (-S) போட்டு அந்த வாட் ஃபங்ஷன் பெயரைத் தேடினேன். 2014-ல் உள்ளே வந்த கமிட்டும் இப்போது வெளியே போன கமிட்டும் தேதியோடு நின்றன. உள்ளே திறந்தால் நானூறு லைனும் அப்படியே இருக்கிறது, ‘தீபாவளி முடிஞ்சதும் சரி பண்ணணும்’ என்று நான் எழுதிய கமெண்ட் உட்பட.

லினஸ் டோர்வால்ட்ஸ் 2005-ல் லினக்ஸ் கெர்னல் வேலைக்காக எழுதிய கருவி இது, காசு கிடையாது. கற்றுக்கொள்வது கஷ்டம்தான், ‘செக்அவுட்’ என்ற ஒரே கட்டளை பல வேலை செய்து குழப்பும். 2019-ல் ‘ஸ்விட்ச்’, ‘ரீஸ்டோர்’ என்று தனித்தனியாக வந்த பிறகு பரவாயில்லை. புதிதாக வருபவர்கள் அவற்றிலேயே ஆரம்பியுங்கள்.

ஒரு விஷயத்தில் மட்டும் ஜாக்கிரதை. கிட் காப்பாற்றுவது நீங்கள் அதனிடம் ஒப்படைத்ததை மட்டும்தான். கமிட் போடாத திருத்தத்தின் மேல், கோடைப் பழைய கமிட்டுக்கே திருப்பும் ‘ரீசெட் ஹார்ட்’ அடித்தால் போனது போனதுதான், அதற்கு முன் ஒரு தடவை, கமிட் போடாதது என்ன இருக்கிறது என்று காட்டும் ‘ஸ்டேட்டஸ்’ பார்த்துவிடுங்கள்.