வாக்குத்தத்தப் பெட்டி வாங்கலாமா?

போன கிறிஸ்துமஸ் சமயத்தில் பாளையங்கோட்டையில் ஒரு கிறிஸ்தவப் புத்தகக் கடையில் இந்த வாக்குத்தத்தப் பெட்டியை வாங்கினோம். உள்ளங்கை அளவு அட்டைப் பெட்டி, உள்ளே கர்த்தர் தரும் வாக்குகளான பைபிள் வசனங்கள் அச்சிட்ட நூற்றுச் சொச்சம் அட்டைகள், விலை 150 ரூபாய்க்குள்தான். குடும்ப ஜெபம் முடிந்ததும் ஆளுக்கொன்று எடுத்து வாசிப்போம். வாங்கலாமா என்று கேட்டால், தாராளமாக வாங்கலாம். ஆனால் வசனம் இருக்கும் பக்கத்தைவிட முதலில் பின்பக்கத்தைப் பாருங்கள்.

எங்கள் பெட்டியில் பின்பக்கம் வெறுமையாக, வழவழப்பு இல்லாத தாளாக இருக்கிறது. பேனா நன்றாக எழுதுகிறது. எடுத்த தேதியையும் அன்றைக்கு எதற்காக ஜெபித்தோம் என்பதையும் அம்மா அதில் எழுதி வைக்கச் சொன்னார்கள். டிசம்பர் பிறந்ததும் எழுதின அட்டைகளையெல்லாம் எடுத்து வாசித்தோம் பாருங்கள், அப்போதுதான் இந்தப் பெட்டியின் அருமையே தெரிந்தது. வெளியூரில் டீச்சராக இருக்கிற அக்காவுக்கு சொந்த மாவட்டத்துக்கு மாறுதல் வேண்டும் என்று எழுதியிருந்தோம். கிடைத்துவிட்டது, இந்த கிறிஸ்துமஸுக்குப் பிள்ளைகளோடு வீட்டில் இருக்கிறாள். எழுதி வைக்காமல் இருந்திருந்தால், எத்தனை மாதம் அழுது கேட்டோம் என்பதே மறந்துபோயிருக்கும், ஸ்தோத்திரமும் ஒரு வரியோடு முடிந்திருக்கும்.

அப்பா ஆஸ்பத்திரியில் இருந்தபோது எடுத்த அட்டையும் அதில் இருக்கிறது. ஏசாயா 43:2, "நீ தண்ணீர்களைக் கடக்கும்போது நான் உன்னோடு இருப்பேன்." நாங்கள் சுகத்துக்காகத்தான் ஜெபித்தோம். அக்டோபரில் அப்பா கர்த்தருக்குள் நித்திரையடைந்தார்கள். அந்த அட்டையின் பின்னால் நான் எழுதியிருந்ததற்குக் கீழே, "உடன் இருந்தார், ஸ்தோத்திரம்" என்று அம்மா கையெழுத்தில் இருந்தது. ராத்திரி முழுக்க வராந்தாவில் எங்களோடு உட்கார்ந்திருந்த சபையார், பில் கட்டும் நேரத்தில் எங்கிருந்தோ வந்து சேர்ந்த பணம், கடைசிவரை நினைவோடு பேசிய அப்பா, எல்லாவற்றையும் நினைத்துத்தான் அம்மா எழுதியிருக்கிறார்கள். அந்த வசனத்தில் தண்ணீரே வராது என்று இல்லை, கடக்கும்போது கூட இருப்பேன் என்றுதான் இருக்கிறது. அந்த வாக்கு எங்களுக்கு நிறைவேறியது என்று சாட்சி சொல்லவே இதை எழுதுகிறேன்.

சரி, குறைக்கு வருகிறேன். பெட்டியின் மூலைகள் சீக்கிரமே பிய்ந்துவிட்டன, அது பரவாயில்லை. வசனங்களை வெட்டிப் போட்டிருப்பதுதான் எனக்கு வருத்தம். நீங்கள் எதிர்பார்த்திருக்கும் முடிவைக் கொடுப்பேன் என்கிற எரேமியா 29:11 எல்லோருக்கும் பிடித்த வசனம், இதில் பாதிதான் அச்சாகியிருக்கிறது. அது பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப் போனவர்களுக்கு எரேமியா எழுதிய கடிதம். வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள் என்று சொல்லி, எழுபது வருஷம் ஆன பிறகு திரும்பக் கொண்டுவருவேன் என்கிற வாக்கை முந்தின வசனத்தில் சொன்ன பிறகுதான் இந்த 11 வருகிறது. எழுபது வருஷத்தை விட்டுவிட்டுப் பாதி வசனத்தை மட்டும் கையில் கொடுத்தால், அடுத்த மாதமே நடக்கவேண்டும் என்று எதிர்பார்த்து மனம் சோர்ந்துபோகிறவர்கள் உண்டு. பெத்லெகேமிலிருந்து ஆளுகிறவர் வருவார் என்று மீகா தீர்க்கதரிசி சொன்னது இயேசு பிறந்து நிறைவேறவே ஏறக்குறைய 700 வருஷம் ஆனதே!

ஜெர்மனியில் ஹெர்ன்ஹூட்டில் மொராவிய சபையார் 1731 முதல் வருஷந்தோறும் தின வசனப் புத்தகம் அச்சிடுகிறார்கள். சீட்டுப் போட்டு எடுத்த பழைய ஏற்பாட்டு வசனத்துக்குக் கீழேயே அதற்குப் பொருந்துகிற புதிய ஏற்பாட்டு வசனம் ஒன்றும் இருக்கும். நம் பெட்டிகளிலும் அப்படிச் செய்தால் எவ்வளவு நன்றாயிருக்கும், மீகா 5:2 அட்டையிலேயே அது நிறைவேறியதைச் சொல்லும் மத்தேயு 2ம் வந்துவிடும். இதில் ஆசீர்வாத வசனங்கள் நிறைய, ஆனால் காத்திருந்து கண்டவர்களின் ஸ்தோத்திரம் ஒன்றுகூட இல்லை. அதனால் குழந்தை இயேசுவைக் கையில் ஏந்திய சிமியோன் சொன்ன "உம்முடைய இரட்சணியத்தை என் கண்கள் கண்டது" என்ற வசனத்தை நானே ஒரு அட்டையில் எழுதி உள்ளே வைத்துவிட்டேன். கிறிஸ்துமஸ் காலத்துக்கு அதைவிடப் பொருத்தமான வசனம் எனக்குத் தெரியவில்லை.

டிசம்பர் 31 ராத்திரி ஆராதனை நெருங்கினால் கடைகளில் நிற்க இடம் இருக்காது. முன்கூட்டியே போங்கள், ஒரு பெட்டியைப் பிரித்துக் காட்டச் சொல்லி, வசனம் முழுசாக இருக்கிறதா, பின்பக்கம் எழுத வருமா என்று பார்த்து வாங்குங்கள். பளபளவென்று பிளாஸ்டிக் பூச்சு போட்டதை மட்டும் எடுக்காதீர்கள், அதில் மை நிற்காது.